பரிமாறியவரின் கூலி



விடுமுறைக்கு ஊர் வந்திருந்த நம் பங்குப் பிள்ளை ஒருவர், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோவில் முற்றத்தில் ஒரு கேள்வி கேட்டார். வேலைக்காக அமெரிக்கா சென்று ஓராண்டுதான் ஆகிறது. "ஃபாதர், அங்கே ஹோட்டலில் சாப்பிட்டு முடித்ததும் பில்லுக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு டிப்ஸ் எழுதச் சொல்கிறார்கள். இது தர்மமா? கூலியா? இல்லை, பகல் கொள்ளையா?" என்றார். சுற்றி நின்ற பெற்றோர் சிரித்தார்கள். ஆனால் கேள்வி சிரிப்புக்கு உரியது அல்ல. உழைத்தவரின் கூலி எங்கெல்லாம் பேசப்படுகிறதோ, அங்கெல்லாம் நாம் நின்று கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல நமக்கு ஓர் உரிமை உண்டு. அந்தத் தவற்றை நாங்களே செய்திருக்கிறோம். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் அடுத்தடுத்த இரண்டு பங்குகளில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற அருள்பணியாளர்கள் இருவராகச் சில ஆண்டுகள் பணியாற்றினோம். அங்கே ஒரு சனிக்கிழமை மாலை, ஒரு குடும்பத்தோடு உணவருந்தச் சென்றபோது நடந்ததை இன்று பகிர்ந்துகொள்கிறோம்.

அந்த நாட்டில் 'ஸ்டேக் ஹவுஸ்' என்று அழைக்கப்படும் உணவகங்கள் உண்டு. ஸ்டேக் என்பது எலும்போடோ எலும்பு இல்லாமலோ தடிமனாக வெட்டி, நெருப்பில் வாட்டப்படும் மாட்டிறைச்சித் துண்டு. பெருநகரங்களில் கோட் சூட் அணிந்து செல்லும் விலை உயர்ந்த ஸ்டேக் ஹவுஸ்களும் உண்டு. ஆனால் சாதாரணக் குடும்பங்கள் பிள்ளை குட்டிகளோடு செல்வது, நாடெங்கும் கிளைகள் கொண்ட எளிய உணவகங்களுக்குத்தான். அவுட்பேக் ஸ்டேக் ஹவுஸ் 1988ஆம் ஆண்டு ஃபுளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில் தொடங்கப்பட்டது. ஆனால் அதன் அலங்காரம் எல்லாம் ஆஸ்திரேலியா. டெக்சஸ் ரோட்ஹவுஸின் முதல் கிளை 1993இல் திறக்கப்பட்டது. பெயரில்தான் டெக்சஸ், பிறந்தது இந்தியானாவின் கிளார்க்ஸ்வில் நகரில். சுடச்சுட பன், உரத்த இசை, பிறந்தநாள் கொண்டாடுவோருக்குக் கைதட்டல் என்று திருவிழாக் கூட்டம்போல் இருக்கும் இடங்கள் இவை.

எங்களை அழைத்த குடும்பத்தில் தந்தை, தாய், பதினாறு வயது மகன், பன்னிரண்டு வயது மகள், பாட்டி என ஐந்து பேர். தந்தைக்கு எட்டு மாதங்களாக வேலை இல்லை. அந்த வாரம்தான் ஒரு கிடங்கில் புதிய வேலையில் சேர்ந்திருந்தார். முதல் சம்பளம் கைக்கு வந்ததும் குடும்பத்தோடு வெளியே சாப்பிட வேண்டும், அதில் பங்கு சாமியாரும் இருக்க வேண்டும் என்பது பாட்டியின் ஆசை. ஆகவே சனி மாலை ஐந்து மணித் திருப்பலி முடிந்ததும் எல்லாரும் ஒரே வண்டியில் கிளம்பினோம். பங்குக் கோவிலில் இருந்த பாதிப் பேர் அதே நேரத்தில் அங்கேதான் வந்து இறங்குவார்கள் என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

வாசலில் நின்ற பெண் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, "ஐம்பது நிமிடம் ஆகும்" என்றார். கையில் ஒரு சிறு கருவியைக் கொடுத்தார். முறை வந்ததும் அது விளக்கு மின்ன அதிரும். உள்ளே எட்டிப் பார்த்தால் நான்கைந்து மேசைகள் காலி. தந்தையின் முகம் மாறியது. "இடம் இருக்கும்போதே நிற்க வைக்கிறார்களே" என்றார். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

காரணத்தைத் தாய்தான் விளக்கினார். அவர் இப்போது செவிலியர். பத்தொன்பது வயதில் இப்படி ஓர் உணவகத்தில் தட்டு சுமந்தவர். கூடம் முழுவதும் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு சர்வருக்கு மூன்று அல்லது நான்கு மேசைகள். அன்று ஒருவர் வேலைக்கு வராவிட்டால் அவருடைய மேசைகள் காலியாகத்தான் கிடக்கும். மேலும், எல்லா மேசைகளையும் ஒரே நேரத்தில் நிரப்பினால், எல்லா ஆர்டர்களும் ஒரே நேரத்தில் அடுப்படிக்குப் போய் விழும். அப்போது எல்லாருக்குமே தாமதம். ஆகவே வாசலில் நிற்கும் பெண் முறை வைத்து, ஒவ்வொரு சர்வருக்கும் ஒவ்வொரு குடும்பமாக அனுப்புகிறார். காலி மேசை என்பது நம்மை அவமதிக்க வைத்தது அல்ல. அடுப்படியில் நிற்பவர் மூச்சு விடுவதற்காக வைத்தது.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு உட்கார்ந்தோம். இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பெண் வந்து தண்ணீர் வைத்து, பன்னும் வெண்ணெயும் வைத்து, ஆர்டர் கேட்டார். இங்கே நம் பாட்டிமார்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஸ்டேக் கேட்டால் இரண்டு கேள்விகள் வரும். எந்தப் பகுதி, எவ்வளவு எடை என்பது முதல் கேள்வி. பின்னிடுப்புப் பகுதியான சர்லாயின் விலை குறைவு, சற்றுக் கடினம். விலாப் பகுதியான ரிப் ஐ கொழுப்பு ஓடிய துண்டு. முதுகெலும்பின் அடியில் அதிகம் உழைக்காத தசையிலிருந்து எடுக்கும் ஃபிலே மிக மென்மையானது, விலையும் அதிகம். எடையை அவுன்சில் சொல்வார்கள். ஓர் அவுன்ஸ் ஏறத்தாழ 28 கிராம். எட்டு அவுன்ஸ் என்றால் சுமார் 227 கிராம். அதுவும் வாட்டுவதற்கு முந்தைய எடை.

எந்த அளவுக்கு வேக வேண்டும் என்பது இரண்டாவது கேள்வி. 'ரேர்' என்றால் நடுவில் நல்ல சிவப்பு. 'மீடியம்' என்றால் இளஞ்சிவப்பு. 'வெல் டன்' என்றால் முழுதும் வெந்தது. இவற்றுக்கு இடையிலும் படிகள் உண்டு. தட்டில் சிவப்பாகக் கசியும் நீரைப் பார்த்து, "இது இரத்தமாயிற்றே" என்று நாங்கள் முதன்முறை முகம் சுளித்தது நினைவிருக்கிறது. அது இரத்தம் அல்ல. இரத்தம் வெட்டும்போதே வடிந்துவிடுகிறது. தசையில் உயிர்வளியைச் சேமித்து வைக்கும் மயோகுளோபின் என்ற புரதமும் தண்ணீரும் சேர்ந்ததே அந்தச் சிவப்பு நீர். சூடு ஏற ஏற அது நிறம் மாறிப் பழுப்பாகிறது. முழுத் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும் என்பதால் வெளியே நன்றாக வாட்டி, உள்ளே சற்றுச் சிவப்பாக விடுகிறார்கள். இருந்தாலும் உள்வெப்பம் 63 டிகிரி செல்சியஸ் எட்டி, மூன்று நிமிடம் ஆறவிட்டு உண்பதே பாதுகாப்பு என்பது அந்நாட்டு வேளாண் துறையின் அறிவுரை. அரைத்த இறைச்சியில் கிருமி உள்ளேயும் கலந்துவிடும் என்பதால் அதற்கு 71 டிகிரி தேவை. மேலே படியும் பொன்பழுப்பு நிறமும் மணமும், நம் தோசைக்கல்லில் தோசை முறுகும்போது நடக்கும் அதே வேதி மாற்றம்தான். 1912இல் அதை விளக்கிய பிரெஞ்சு அறிவியலாளர் மயார் பெயரால் அது அழைக்கப்படுகிறது.

தந்தை தமக்குப் பிடித்த ரிப் ஐ துண்டை, நடுவில் சிவப்பு மாறாத பதத்தில் கேட்டார். எட்டு மாதங்களாக அதை உண்ணவில்லை என்று சிரித்தார். தட்டு வந்தது. வெட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு துளி சிவப்பு இல்லை. முழுதும் சாம்பல் நிறமாக வெந்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண் வந்து, "எல்லாம் நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டபோதும், "ம்" என்று தலையசைத்தார். ஆனால் மேசையில் பேச்சு நின்றுவிட்டது. பாட்டி தன் தட்டிலிருந்து ஒரு துண்டை அவர் பக்கம் தள்ளினார். அவர் அதைத் தொடவில்லை.

சாப்பிட்டு முடிந்து பில் வந்தது. அந்த நாட்டு பில்லில் மொத்தத் தொகைக்குக் கீழே ஒரு வெற்றுக் கோடு இருக்கும். அதில்தான் டிப்ஸ் தொகையை நாமே எழுத வேண்டும். தந்தை பேனாவை எடுத்தார். அந்தக் கோட்டின்மேல் ஒரு சுழியம் போட்டார். மகன் அதைப் பார்த்தான். பிறகு எங்களைப் பார்த்தான்.

அன்புக்குரியவர்களே, அந்தப் பார்வை எங்களைச் சுட்டது. எங்களுக்கு மட்டும் தெரிந்த காரணம் ஒன்று உண்டு. அந்நாட்டுக்குச் சென்ற முதல் ஆறு மாதங்கள், நாங்கள் இருவரும் கழுத்தில் வெள்ளைக் காலர் அணிந்தபடியே உணவகங்களுக்குச் சென்று, அந்தக் கோட்டை வெறுமையாக விட்டு எழுந்து வந்திருக்கிறோம். விலையில் எல்லாம் அடக்கம் என்று நினைத்தோம். பங்கில் ஒரு முதியவர்தான் ஒருநாள் எங்களைத் தனியே அழைத்து எடுத்துச் சொன்னார். அன்று இரவு நாங்கள் இருவரும் உட்கார்ந்து, எத்தனை முறை, எத்தனை பேரிடம் என்று எண்ணிப் பார்த்தோம். அவர்களைத் தேடிப்போய்த் திருப்பிக் கொடுக்க வழியில்லை.

அந்த முதியவர் சொன்னது இதுதான். அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, 2009 முதல், மணிக்கு 7 டாலர் 25 சென்ட். ஆனால் டிப்ஸ் பெறும் தொழிலாளருக்கு முதலாளி தம் கையிலிருந்து மணிக்கு 2 டாலர் 13 சென்ட் கொடுத்தால் போதும். இந்தத் தொகை 1991 முதல் மாறவில்லை. மீதி, வாடிக்கையாளர் தரும் டிப்ஸில் நிறைவேற வேண்டும். நிறையாவிட்டால் அந்தக் குறையை முதலாளி ஈடுசெய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஓரிகான், மினசோட்டா போன்ற சில மாநிலங்கள் இந்தச் சலுகையை முதலாளிகளுக்குத் தருவதில்லை; அங்கே முழுக் குறைந்தபட்சக் கூலியும் கொடுத்தாக வேண்டும். இந்தியானா அப்படி அல்ல. அங்கே அந்தப் பெண்ணுக்கு முதலாளி தருவது 2 டாலர் 13 சென்ட்தான்.

இன்னொன்றும் உண்டு. பல உணவகங்களில் சர்வர், தமக்குக் கிடைத்ததில் ஒரு பகுதியை மேசை துடைப்பவருக்கும், பானம் கலப்பவருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். சில இடங்களில் அந்தப் பங்கை விற்பனைத் தொகையின் அடிப்படையில் கணக்கிடுகிறார்கள். அப்படியானால், நாம் சுழியம் போட்ட மேசைக்காகவும் அவர் தம் கைக்காசைக் கொடுக்கிறார். அதாவது, நமக்குப் பரிமாறியதற்கு அவரே பணம் கட்டுகிறார்.

இது எப்படி வந்தது? ஐரோப்பியச் செல்வந்தர்களின் பழக்கமாக இருந்த டிப்ஸ், அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு அந்நாட்டில் வேரூன்றியது. அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்ற கறுப்பின மக்களை உணவகங்களும், புல்மன் நிறுவனத்தின் இரயில் பெட்டிகளும் வேலைக்கு எடுத்தன. கூலியை மிகக் குறைவாக வைத்து, மீதியைப் பயணிகளின் கையில் விட்டன. இது சமத்துவத்துக்கு ஒவ்வாதது என்று அந்நாட்டிலேயே எதிர்ப்பு எழுந்தது. 1909இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. ஆனால் 1926க்குள் அந்தச் சட்டங்கள் எல்லாம் நீக்கப்பட்டுவிட்டன. பழக்கம் நிலைத்துவிட்டது, கூலிக் குறைவும் அதோடு நிலைத்துவிட்டது.

ஆகவே நம் பிள்ளையின் கேள்விக்கு விடை இதுதான். அது தர்மம் அல்ல. பகல் கொள்ளையும் அல்ல. கூலியின் ஒரு பகுதியை நம் கையில் ஒப்படைத்திருக்கிறார்கள். இந்த ஏற்பாடு நீதியானதா என்று கேட்டால், இல்லை என்றே நாம் சொல்வோம். உழைப்பவர் சிக்கனமாக வாழ்வதற்காவது போதுமான கூலி அவருக்கு உரியது என்று திருத்தந்தை 13ஆம் லெயோ 1891லேயே எழுதினார். அந்தக் கூலி, சாப்பிட வந்தவரின் மனநிலையைச் சார்ந்திருக்கக் கூடாது. சட்டம் மாற வேண்டும். ஆனால் சட்டம் மாறும்வரை கோட்டை வெறுமையாக விட்டால், அது முதலாளிக்கு எதிரான போராட்டம் ஆகாது. அந்த மாலையின் இழப்பு அந்தப் பெண்ணுக்குத்தான்.

இனி, அந்த மேசைக்குத் திரும்புவோம். நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே தாய் கையை நீட்டி, பில்லைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை. "இதைச் சமைத்தது அவள் இல்லையே" என்றார். பிறகு, "கேட்டபோது நன்றாக இருக்கிறது என்றுதானே தலையசைத்தோம்?" என்றார்.

உண்மைதான். சனிக்கிழமை இரவில் அடுப்பின் முன் நிற்பவர் முன்னே ஒரே நேரத்தில் இருபது, முப்பது துண்டுகள் கிடக்கும்; ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பதம். ஒன்று தவறுவது இயல்பு. அப்படித் தவறினால், வெட்டிப் பார்த்த உடனே சொன்னால் போதும். பெரும்பாலான இடங்களில் வேறு துண்டு வாட்டித் தருவார்கள், அல்லது பில்லிலிருந்து அந்த விலையைக் கழிப்பார்கள். அதைக் கோபமின்றிச் சொல்வது நம் உரிமை. நமக்குத் தீங்கிழைத்தவரிடம் முதலில் நேரில், தனியாகப் பேச வேண்டும் என்று மத்தேயு நற்செய்தியில் ஆண்டவர் கற்பித்த வழியும் அதுதானே? வாயால் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, பேனாவால் தண்டிப்பது அந்த வழி அல்ல.

தாய் அந்தப் பெண்ணை அழைத்து, நடந்ததைச் சொன்னார். அந்தப் பெண்ணின் கண் முதலில் பில்லில் இருந்த சுழியத்தின்மேல்தான் விழுந்தது. முகம் வாடியது, ஆனாலும் மன்னிப்புக் கேட்டு, மேலாளரை அழைத்து வந்தார். மேலாளர் ரிப் ஐயின் 27 டாலரை 162 டாலர் பில்லிலிருந்து கழித்து, புதிய பில் கொண்டுவரச் சொன்னார். வரியைச் சேர்க்கும் முன் 135 டாலர். அதில் மறுபடியும் அதே வெற்றுக் கோடு.

இந்த இடத்தில் தந்தை ஒன்று செய்தார். மகனிடம் பில்லைக் கொடுத்து, "162க்கு இருபது விழுக்காடு எவ்வளவு?" என்று கேட்டார். மகன், "ஆனால் பில் 135தானே?" என்றான். "விலை கழிந்தது, அவள் சுமந்த தட்டு கழியவில்லை" என்றார் தந்தை. 32 டாலர் என்று அந்தக் கோட்டில் மகனே எழுதினான்.

வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் அவர் எங்களிடம் மெதுவாகச் சொன்னார்: "எட்டு மாதமாக என் கூலியைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன், ஃபாதர்." நாங்கள் பதில் ஏதும் சொல்லவில்லை. எங்கள் முதல் ஆறு மாதக் கதையைத்தான் சொன்னோம். அவர் சிரித்துவிட்டார். பாட்டியின் கையில், மீந்த உணவைக் கட்டித் தந்த அட்டைப் பெட்டிகள் இருந்தன. உண்டது போக மீதியைப் பெட்டி கேட்டு எடுத்துச் செல்வது அங்கே வெட்கத்துக்குரியது அல்ல.

சகோதர சகோதரிகளே, அந்த நாட்டில் சர்வர்களிடையே ஒரு பேச்சு உண்டு. ஞாயிறு மதியம் கோவில் முடிந்து வரும் கூட்டத்துக்குப் பரிமாறுவதை அவர்களில் பலர் விரும்புவதில்லை. பெரிய மேசை, நிறைய வேலை, சிறிய டிப்ஸ் என்பது அவர்கள் குறை. சிலர் பணத்தாள் போலவே அச்சடித்த சமயத் துண்டுப்பிரசுரத்தை மடித்து வைத்துவிட்டுப் போவதும் உண்டு. பணம் என்று ஆவலோடு விரித்துப் பார்ப்பவர், அந்தக் கணத்தில் ஆண்டவரைப் பற்றி என்ன நினைப்பார்? திராட்சைத் தோட்ட உவமையில், கடைசி மணி நேரத்தில் வந்தவருக்கும் ஒரு தெனாரியம் கொடுத்த நிலக்கிழாரைப் பற்றி நாம் வாசிக்கிறோம். ஒரு குடும்பத்தின் ஒரு நாள் செலவுக்கு எவ்வளவு தேவை என்று பார்த்துக் கொடுத்தவர் அவர். அந்த வாசகத்தைக் கேட்டுவிட்டு நேரே உணவகத்துக்குப் போகும் நாம், மேசையில் எதை விட்டு எழுகிறோம்?

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா செல்லும் பெற்றோரே, உங்களுக்குச் சில எளிய சொற்கள். மேசையில் வந்து பரிமாறும் உணவகத்தில், வரிக்கு முந்தைய தொகையில் பதினைந்து முதல் இருபது விழுக்காடு வைப்பது அங்குள்ள வழக்கம். பெரிய குழுவாகச் சென்றால் சில இடங்களில் அதை பில்லிலேயே சேர்த்துவிடுவார்கள். இருமுறை கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரூபாயில் மாற்றிக் கணக்குப் போட்டால் மனம் பதறும், அது உண்மை. அவ்வளவு கொடுக்க இயலாத நாளில் வீட்டிலேயே சமைத்து உண்ணுங்கள், அல்லது நாமே எடுத்துக்கொள்ளும் கடைக்குச் செல்லுங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை. பரிமாறச் சொல்லிவிட்டு அவருடைய பங்கைக் குறைக்க மட்டும் வேண்டாம். உணவில் குறை இருந்தால் உடனே, அன்பாகச் சொல்லுங்கள். அவர் பெயரைக் கேட்டு, நன்றி சொல்லுங்கள்.

சீடர்களின் காலடிகளைக் கழுவியவரை ஆண்டவர் என்று அழைப்பவர்கள் நாம். இன்று வீட்டிலோ வெளியிலோ நமக்கு யாராவது உணவு பரிமாறும்போது, தட்டைப் பார்ப்பதற்கு முன் ஒருமுறை அவர் முகத்தைப் பார்ப்போம். அவருக்கு உரியது அவருக்குக் கிடைத்ததா என்று கேட்டுக்கொண்டு எழுவோம்.

இறைவன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.